கொட்டை மரத் தோட்டங்களில் பூச்சிகளுக்கு எதிராகப் பூஞ்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முந்திரி, பாதாம், வால்நட், பீகன், ஹேசல்நட், மெக்கடேமியா என எந்தக் கொட்டை மரத்தை வளர்ப்பவரானாலும், பூஞ்சையைக் கொண்டு பூச்சியை அடக்கலாம் என்று கேள்விப்பட்டவுடன் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார். வாய்மொழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பல விடைகள் 3-ஆம், 6-ஆம் கேள்விகளைச் சார்ந்தவை. அவசரத்தில் இருப்பவர்கள் அவ்விரண்டையாவது படித்துவிட்டு மேலே செல்லலாம்.

1. பூஞ்சை என்றாலே பயிருக்கு நோய்தானே? அதை நானே காசு கொடுத்து வாங்கித் தோட்டத்துக்குள் விட வேண்டுமா?

பூஞ்சைகளில் பெரும்பாலானவை மக்கிப்போன இலைதழைகளை உண்டு வாழ்பவை. ஒரு பகுதி பயிரைத் தாக்குகிறது. வேறொரு பகுதி பூச்சிகளைத் தாக்குகிறது. பீகன் மரத்தில் சொறிநோயை உண்டாக்கும் பூஞ்சைக்கும் பீகன் கூன்வண்டைக் கொல்லும் பூஞ்சைக்கும் பூனைக்கும் பசுவுக்கும் உள்ள உறவுதான் உண்டு. பூச்சியின் உடலைத் துளைக்கப் பழகிய பூஞ்சை இலையில் விழுந்தாலும் அதை அழுகச் செய்வதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. பட்டுப்புழுக்கள் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் விறைத்து மடிந்த நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று இத்தாலியரான அகஸ்தீனோ பாஸி 1835-இல் காட்டினார். விலங்கு ஒன்றுக்கு நோய் வர நுண்ணுயிர் காரணமாகலாம் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளுள் அது ஒன்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், கோதுமையைத் தின்ற வண்டுகளின் மீது பச்சை நிறப் பூஞ்சை ஒன்றைக் கண்டு, அதை வளர்த்துப் பூச்சிக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என்று 1879-இல் எழுதினார். இன்று கடைக்கு வரும் பொட்டலங்களில் பெரும்பாலானவை இவ்விருவரும் பார்த்த பூஞ்சைகளின் வழிவந்தவையே.

2. கடையில் ஏழெட்டுப் பெயர் சொல்கிறார்கள். எது எதற்கு?

கொட்டை மரங்களுக்கு இரண்டு பெயர்கள் முதன்மையானவை. ஒன்று பவேரியா பேசியானா. பாஸியின் பெயரைத் தாங்கிய வெள்ளைப் பூஞ்சை. மற்றொன்று மெட்டாரைசியம், மெச்னிகாஃப் பார்த்த பச்சைப் பூஞ்சை. பவேரியா பல்வகைப் பூச்சிகளைத் தாக்கக்கூடியது. மெட்டாரைசியம் மண்ணோடும் வேரோடும் அதிகம் ஒட்டி வாழ்வதால், மண்ணில் ஒரு பருவத்தைக் கழிக்கும் வண்டுகளுக்கும் அவற்றின் புழுக்களுக்கும் எதிராக அதை முதலில் எண்ணிப் பார்க்கலாம். அசுவினி, வெள்ளை ஈ போன்ற மெல்லுடல் கொண்ட சாறு உறிஞ்சிகளுக்கு ஐசேரியா, லெகானிசீலியம் என்ற பெயர்களில் விற்பவை பயன்படுகின்றன. லெகானிசீலியத்தைப் பழைய வழக்கப்படி வெர்டிசீலியம் லெகானி என்றே இன்னும் பலர் அழைக்கிறார்கள்.

பெயரைவிட இனக்கூறு முக்கியம். பவேரியா என்ற ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான இனக்கூறுகள் உள்ளன. ஒன்று கூன்வண்டை வேகமாகக் கொல்லும், இன்னொன்று அதைச் சீண்டவும் செய்யாது. பொட்டலத்தில் இனக்கூறின் பெயரோ எண்ணோ அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. இலையைத் தின்றால்தானே மருந்து பூச்சியின் வயிற்றுக்குள் போகும்? துளைத்து உறிஞ்சுகிற பூச்சிக்கு எப்படி வேலை செய்யும்?

வயிற்றுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை; பூச்சியின் தோலில் பட்டால் போதும். வைரஸ், பாக்டீரியா போன்றவற்றைப் பூச்சி விழுங்கியாக வேண்டும். இப்பூஞ்சைகள் வெளியிலிருந்தே உள்ளே நுழைவதால்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் இவற்றைப் பயன்படுத்த முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாத நுண்வித்து ஒன்று பூச்சியின் மெழுகுத்தோலில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே போதிய ஈரம் இருந்தால் ஒரு நாளுக்குள் முளைவிடுகிறது. முளையின் நுனி தட்டையாக அழுந்தி, புரதத்தையும், பூச்சித் தோலுக்கு உறுதி தரும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அதே இடத்தில் அழுத்தமும் கொடுத்துத் தோலைத் துளைக்கிறது. உள்ளே போனதும் பூச்சியின் இரத்தத்தில் சிறு சிறு செல்களாகப் பெருகி, ஊட்டத்தை உறிஞ்சி, சில நஞ்சுகளையும் சுரக்கிறது. பூச்சி செத்த பிறகு, காற்றில் ஈரம் இருந்தால் மட்டும், உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அதன்மேல் கோடிக்கணக்கான புதிய வித்துகளை உண்டாக்குகிறது.

இதை நஞ்சு என்று நினைத்தால் எல்லாம் தவறாகப் போகும். தொற்றுநோய் என்று நினைத்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைக்கும். நோய் பரவ வேண்டுமானால் நோயாளியும் கிருமியும் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். எவ்வளவு தெளித்தோம் என்பதைவிட, அந்தச் சந்திப்பு எங்கே நடக்கிறது என்பதே இங்கு முதல் கணக்கு.

4. தெளித்து மூன்று நாள் ஆகிவிட்டது. வண்டு ஜோராக நடமாடுகிறது. போலி மருந்தை வாங்கிவிட்டேனா?

இருக்கலாம், ஆனால் மூன்று நாளில் அதை முடிவு செய்ய முடியாது. மேலே சொன்ன துளைப்பும் பெருக்கமும் முடிய, பூச்சியின் அளவையும் வெப்பநிலையையும் பொறுத்து நான்கு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அசுவினி போன்ற சிறு உடலிகள் விரைவில் சாகும். தடித்த ஓடுடைய வண்டுகள் இழுத்தடிக்கும். நோயுற்ற பூச்சி பல வேளைகளில் சாவதற்குச் சில நாள் முன்பே தீனியைக் குறைத்துக்கொள்வதால், அது உயிரோடு திரியும் நாள்கள் முழுவதையும் சேதம் செய்யும் நாள்களாகக் கணக்கிட வேண்டியதில்லை.

கொட்டையைப் பூச்சி துளைக்கத் தொடங்கிய பிறகு அவசர மருந்தாக இதைத் தேடி வருபவர்களுக்கு நான் பூஞ்சையைப் பரிந்துரைப்பதில்லை. அடுத்த தலைமுறையைக் குறிவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

5. செத்துக் கிடக்கிற வண்டு பூஞ்சையால்தான் செத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

செத்த பூச்சிகளைப் பொறுக்கி, ஈரமான மெல்லிய தாளைப் பரப்பிய மூடியுள்ள டப்பாவில் இட்டு, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். பாக்டீரியாவால் செத்த புழு கறுத்து, குழைந்து, நாறும். பூஞ்சையால் செத்தது குழையாது. உலர்ந்த சுள்ளிபோல் விறைத்திருக்கும், பவேரியாவாக இருந்தால் சிலவேளை உடலில் இளஞ்சிவப்புச் சாயலும் தெரியும். மூன்றாம், நான்காம் நாளில் கால் மூட்டுகளிலும் உடல் வளையங்களின் இடுக்குகளிலும் மெல்லிய வெண்பஞ்சு எட்டிப் பார்க்கும், ஏனெனில் தோல் மெலிந்த இடம் அதுதான். பிறகு உடல் முழுவதும் மூடிக்கொள்ளும். பவேரியா வெள்ளை மாவாகவே நின்றுவிடும். மெட்டாரைசியம் வெள்ளையாகத் தொடங்கி ஆலிவ் பச்சைக்கு மாறும்.

வயலில் பஞ்சு மூடிய வண்டு ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதற்காக மனம் தளர வேண்டாம். வறண்ட காற்றில் பூஞ்சை பூச்சியைக் கொல்லும், வெளியே வராது. எறும்புகளும் பிணங்களை நம்மைவிட வேகமாக அப்புறப்படுத்திவிடும்.

6. கொட்டைக்குள் இருக்கிற புழுவை இது கொல்லுமா?

கொல்லாது. ஓட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் புழுவின் தோலில் வித்து படுவதற்கு வழியே இல்லை. ஆனால் அந்தப் புழு என்றைக்கும் உள்ளேயே இருக்கப் போவதில்லை.

பீகன் கூன்வண்டை எடுத்துக்கொள்வோம். பெண் வண்டு நீண்ட மூக்கால் கொட்டையைத் துளைத்து முட்டையிடுகிறது. பருப்பைத் தின்று கொழுத்த புழு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளையிட்டு வெளியேறித் தரையில் விழுகிறது. மண்ணுக்குள் 10 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய், சிறு மண் அறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. அங்கே ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ புழுவாகவே கிடந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் அறைக்குள் காத்திருந்து, கோடையின் பிற்பகுதியில், பெரும்பாலும் நல்ல மழை ஒன்று பெய்து மண் இளகியதும், மேலே வருகிறது. பிறகு பல வண்டுகள் அடிமரத்தின் வழியாக நடந்தே ஏறுகின்றன. சில பறந்து செல்கின்றன. ஆக, தன் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதியை மண்ணில் கழிக்கும் பூச்சி இது. மரத்தின் மேலே நாம் பார்ப்பது சில வாரங்களை மட்டுமே.

மண்ணோ இருட்டு, ஈரம், மிதமான வெப்பம் என்று பூஞ்சைக்குப் பிடித்த அனைத்தும் உள்ள இடம். புழு மண்ணுக்குள் இறங்கும்போது ஒருமுறை, வண்டு மேலே வரும்போது ஒருமுறை, அடிமரத்தில் ஏறும்போது ஒருமுறை என மூன்று சந்திப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. ஹேசல்நட் கூன்வண்டும் செஸ்ட்நட் கூன்வண்டும் இதே போக்கில் மண்ணுக்கு இறங்குபவையே. வால்நட் தோல் ஈயின் புழுவும் மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது.

7. அப்படியானால் மரத்துக்குத் தெளிக்கவே வேண்டாமா? தரையில் போட்டால் போதுமா?

உங்கள் பூச்சி எது என்பதைப் பொறுத்தது. மண்ணுக்கு இறங்குகிற பூச்சியானால், மரத்தடியில் கிளைகளின் நிழல் விழும் பரப்பு முழுவதும் நனையும்படி ஊற்றுவதும், அடிமரத்தில் ஆள் உயரம் வரை பட்டை இடுக்குகள் நிரம்பத் தெளிப்பதும் விண்ணை முட்டும் உச்சிக்கு விசைத்தெளிப்பானால் அடிப்பதைவிடப் பயனுள்ளவை. பட்டை இடுக்கில் வெயில் படாது. ஏறும் வண்டின் வயிறும் கால்களும் அதில்தான் உரசும். பூஞ்சை வளர்த்த நார்ப்பட்டையை மரத்தைச் சுற்றிக் கட்டும் முறையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் மண்ணில் வாழும் வண்டுப் புழுக்களுக்கு எதிராக, பூஞ்சை வளர்த்த பார்லி மணிகளையே விதைப்பதுபோல் மண்ணுக்குள் இறக்குகிறார்கள்.

முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவின் (பெயர்தான் கொசு; உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி) கதை வேறு. அது முட்டையைத் துளிர்த் தண்டுக்குள் செருகி, குஞ்சிலிருந்து முதிர்ச்சி வரை மரத்தின் மேலேயே கழிக்கிறது. அதற்கு எதிராக இலைவழித் தெளிப்பு தவிர வேறு வழியில்லை; அங்கே வெயிலும் வறட்சியும் பூஞ்சைக்கு எதிராக நிற்பதால் பலன் ஒரே சீராக இருப்பதில்லை. அதே முந்திரியின் தண்டு துளைப்பான் மரத்துக்குள் நுழைந்த பிறகு பூஞ்சைக்கு எட்டாது. முட்டையிட வரும் அடிமரத்தையும் அதைச் சூழ்ந்த மண்ணையும்தான் காக்க முடியும். கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தை வேரோடு அகற்றுவதற்கு அது மாற்றாகாது.

8. எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் போடுவது?

நாளில் என்றால் மாலை. நேரடி வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சில மணி நேரத்தில் பெரும்பாலான வித்துகளைக் கொன்றுவிடும்; மாலையில் தெளித்தால் ஓர் இரவு முழுவதும் ஈரமும் இருளும் கிடைக்கும். 20 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் இவற்றுக்கு ஏற்றது. 35 பாகையை நெருங்கும்போது பெரும்பாலான இனக்கூறுகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன.

பருவத்தைப் பூச்சியின் நாட்காட்டியிலிருந்து எடுக்க வேண்டும். புழுக்கள் கொட்டையை விட்டு இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒருமுறையும், வண்டுகள் மண்ணிலிருந்து எழும் காலத்துக்குச் சற்று முன்பு ஒருமுறையும் மண்ணில் இடுவது பொருத்தம். எப்போது எழுகின்றன என்பதை அறிய, மரத்தடியில் கூம்பு வடிவக் கம்பிவலைப் பொறி இரண்டு மூன்று வைத்தால் முதல் வண்டே சொல்லிவிடும். மண் காய்ந்து கிடந்தால் முன்னும் பின்னும் லேசாக நீர் பாய்ச்சுங்கள்.

9. தூளைத் தண்ணீரில் கொட்டினால் கரையாமல் மேலே மிதக்கிறதே. கெட்டுப்போன சரக்கா?

கெட்டுப்போகவில்லை. இப்பூஞ்சைகளின் வித்துகள் இயல்பாகவே நீரை விலக்குபவை. பூச்சியின் மெழுகுத்தோலில் ஒட்டிக்கொள்ள உதவுவதும் அந்தக் குணமே. தேவையான தூளை ஒரு குவளையில் எடுத்து, ஒட்டும் திரவம் சில சொட்டுகளும் சிறிது நீரும் விட்டு, தோசை மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, பிறகே தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். தெளிக்கும்போதும் அடிக்கடி கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். இரவு முழுவதும் நீரில் ஊறினால் வித்துகள் தொட்டிக்குள்ளேயே முளைக்கத் தொடங்கிவிடும். குளோரின் கலந்த நீரைத் தவிருங்கள்.

10. பொட்டலத்தில் ‘ஒரு கிராமில் 10 கோடி’ என்று போட்டிருக்கிறது. அது நிறையத்தானே?

கேட்கும்போது நிறையத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் அத்தகைய தூள் 5 கிராம் கலந்தால் லிட்டருக்கு 50 கோடி வித்துகள். அதாவது ஒரு மில்லிலிட்டரில் 5 லட்சம். ஆய்வுகளில் நல்ல பலன் தந்ததாகச் சொல்லப்படும் கரைசல்களில் வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடி முதல் 10 கோடி வரை வித்துகள் இருக்கும். ஆக, குறைந்தபட்ச அளவுக்கே 20 மடங்கு குறைவாகத் தெளித்துக்கொண்டிருக்கிறோம். கிராமில் 1,000 கோடி உள்ள சரக்காக இருந்தால் லிட்டருக்கு ஒரே கிராம் அந்தக் குறைந்தபட்ச அளவைத் தந்துவிடும்.

எனவே விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடாமல் கோடி வித்துக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். ‘பூஞ்சை எங்கள் தோட்டத்தில் வேலை செய்யவில்லை’ என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். பாதிப் பேர் அங்கேயே விடையைக் கண்டுகொள்கிறார்கள்.

11. போன ஆண்டு மீந்த பொட்டலம் கொட்டகையில் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

கொட்டகைக் கூரை தகரமாக இருந்தால் வேண்டாம். உயிருள்ள சரக்கு இது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சில வாரங்களில் பெரும்பகுதி செத்துவிடும், தூளின் நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது. நன்கு உலர்ந்த நிலையில், காற்றுப் புகாமல், குளிர்பதனப் பெட்டியில் வைத்ததாயின் இன்னும் உயிரோடிருக்க வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் முளைப்புத்திறன் பார்த்துத் தருவார்களானால், ஒரு சிட்டிகை கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். வாங்கும்போதும் காலாவதி நாளோடு, கடைக்காரர் அதை எங்கே வைத்திருந்தார் என்பதையும் பாருங்கள்.

12. நோய்க்காகப் பூஞ்சாணக்கொல்லியும் அடித்தாக வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடாதா?

கொல்லும். பூஞ்சாணக்கொல்லிக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற வேறுபாடு தெரியாது. மேன்கோசெப் போன்றவையும், புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்ற டிரையசோல் வகைகளும் பவேரியாவையும் மெட்டாரைசியத்தையும் கடுமையாக ஒடுக்குகின்றன. இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பது காசைக் கரைப்பதற்குச் சமம்.

பிரிப்பதற்கு இரண்டு வழிகள். காலத்தால் பிரிக்கலாம்: இரண்டுக்கும் இடையில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விடலாம். ஆனால் நோய்க்காகப் பருவம் முழுக்கத் தெளிக்க வேண்டியிருக்கும் பீகன் போன்ற மரத்தில் அந்த இடைவெளி கிடைப்பதே அரிது. அங்கே இடத்தால் பிரிப்பதுதான் புத்திசாலித்தனம்: கொல்லி உச்சிக்கு, பூஞ்சை மண்ணுக்கு. 6-ஆம் விடையில் மண்ணை அவ்வளவு வலியுறுத்தியதற்கு இது இன்னொரு காரணம். கொல்லி தெளித்த தொட்டியை நன்றாகக் கழுவாமல் பூஞ்சையை ஊற்றுவதும் கலப்பதற்கு ஒப்பானதே. வேர்நோய்க்காக மண்ணில் டிரைக்கோடெர்மா இடுபவர்கள் அதையும் இதையும் ஒரே நாளில் சேர்த்து இட வேண்டாம். பிற பூஞ்சைகளை அடக்குவதே டிரைக்கோடெர்மாவின் தொழில்.

13. பூச்சிக்கொல்லியோடு கலக்கலாமா?

சிலவற்றோடு ஒத்துப்போகும், சிலவற்றோடு போகாது. பல வேளைகளில் நஞ்சைவிட, அதைக் கரைக்கச் சேர்த்திருக்கும் எண்ணெயும் கரைப்பானும்தான் வித்துகளைக் கொல்கின்றன. உற்பத்தியாளர் எழுத்தில் தராத கலவையைச் செய்ய வேண்டாம்.

14. தேனீயும் நல்ல பூச்சிகளும் சாகாதா?

தேன்கூட்டின் உட்புற வெப்பம் 35 பாகையை ஒட்டி இருப்பதால் கூட்டுக்குள் பெருந்தொற்று உண்டாவது அரிது. ஆயினும் பூக்கும் காலத்தில், தேனீ பறக்கும் நேரத்தில் நேரே அதன்மேல் தெளிப்பதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது. பொறிவண்டு, சிலந்தி போன்றவற்றை ஆய்வகத்தில் செறிந்த கரைசலில் முக்கினால் நோய் வருகிறது. வெளியில் பாதிப்பு பொதுவாக அதைவிடக் குறைவு. முந்திரியில் தேயிலைக் கொசுவை வேட்டையாடும் முசுறு எறும்புகள் இருந்தால், அவை கூடு கட்டிய கிளைகளை விட்டுத் தெளியுங்கள். அவை செய்யும் வேலை பூஞ்சை செய்வதைவிடக் குறைந்ததன்று.

ஒரே ஒரு கண்டிப்பான தடை பட்டுப்புழு. பாஸி பவேரியாவைக் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். மல்பெரித் தோட்டமோ புழு வளர்ப்பு மனையோ அருகில் இருந்தால் பவேரியாவை அறவே தவிர்ப்பது நல்லது.

15. கொட்டையில் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் வந்துவிடாதா?

இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். கொட்டைகளில் அஃப்ளாடாக்சின் விளையாட்டான காரியமன்று. ஆனால் அந்த நஞ்சைச் சுரப்பது அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸும் அதன் நெருங்கிய உறவுகளும். பவேரியாவோ மெட்டாரைசியமோ அதைச் சுரப்பதில்லை. மாறாக, பாதாமிலும் பிஸ்தாவிலும் ஆரஞ்சுப்புழு எனப்படும் அந்துப்பூச்சியின் புழு துளைத்த ஓட்டை வழியாகப் பல வேளைகளில் அஸ்பெர்ஜில்லஸ் உள்ளே குடியேறுகிறது. புழு குறைந்தால் நஞ்சும் குறையும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் பிஸ்தா, பாதாம் தோட்டங்களில், நஞ்சு சுரக்காத அஸ்பெர்ஜில்லஸ் இனக்கூறு ஒன்றைச் சோள மணிகளில் ஏற்றித் தரையில் தூவுகிறார்கள். அது நஞ்சு சுரக்கும் தன் உறவினத்துக்கு இடம் விடாமல் தானே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுவும் தோட்டத்தில் பூஞ்சை விடும் முறைதான், ஆனால் குறி பூச்சியன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணி வாங்கிவிட வேண்டாம்.

16. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டா?

மனித உடலின் 37 பாகை வெப்பம் இவற்றுக்கு ஏற்றதன்று. நலமாக இருப்பவருக்குத் தொற்று வருவது மிக மிக அரிது. ஒவ்வாமைதான் உண்மையான கவலை. உலர்ந்த தூளைக் கொட்டும்போது கிளம்பும் புகை போன்ற வித்துகளை மூச்சில் இழுத்தால் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் தேவை. ஆஸ்துமா உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், கண்ணில் தொடுவில்லை அணிபவர்களும் கலக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

17. இந்தப் பூஞ்சை என் மண்ணிலேயே இருக்கும் என்கிறார்கள். பிறகு எதற்கு வாங்க வேண்டும்?

இருக்க நல்ல வாய்ப்புண்டு, சோதித்தும் பார்க்கலாம். மரத்தடியில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக்கி, டப்பாவில் இட்டு, தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் ஏழெட்டை அதற்குள் விட்டு மூடுங்கள். தினமும் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் புழுக்கள் மண்ணின் எல்லாப் பகுதிகளிலும் ஊர்ந்து வரும். இரண்டு வாரத்துக்குள் விறைத்துச் சாகும் புழுவை 5-ஆம் விடையில் சொன்னபடி ஈர டப்பாவுக்கு மாற்றிப் பாருங்கள். முதன்முறையாகச் சொந்த மண்ணிலிருந்து அந்த வெண்பஞ்சு எழுவதைப் பார்ப்பவர்களின் முகத்தை நான் ரசிப்பதுண்டு.

ஆனால் இருப்பது வேறு, போதுமான அளவில் இருப்பது வேறு. இயற்கையில் உள்ள அளவு, பூச்சி பெருகும் ஆண்டில் அதை எட்டிப் பிடிக்கப் போதாது. நாம் வெளியிலிருந்து சேர்ப்பது அந்தக் குறையை நிரப்பத்தான். மண்ணை அடிக்கடி புரட்டாமல், மேலே மூடாக்கு இட்டு, தரையில் கொல்லிகளைக் குறைத்தால், உள்ளூர்ப் பூஞ்சையும் தன் பங்குக்கு நிலைக்கும்.

18. அரிசியில் எளிதாக வளர்க்கலாமாமே? வீட்டிலேயே செய்துவிடட்டுமா?

உற்பத்தி நிலையங்களிலும் அரைவேக்காட்டு அரிசியில்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள், ஆகவே செய்தி பொய்யன்று. இருப்பினும் கொட்டை மரம் வைத்திருப்பவருக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். சரியாகக் கிருமி நீக்காத அரிசியில் வேறு பூசணங்கள் முந்திக்கொள்ளும். மெட்டாரைசியம் பச்சை, அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸும் மஞ்சள் கலந்த பச்சை. அரிசிமேல் பச்சை மாவு படர்ந்ததும் வெற்றி என்று மகிழ்ந்து, 15-ஆம் கேள்வியில் அஞ்சிய அதே பூஞ்சையை மரத்தடியில் கொட்டிவிடும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. நுண்ணோக்கி இன்றி இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது.

19. ஒருமுறை போட்டால் மண்ணில் நிலைத்துவிடும் அல்லவா?

இலையில் சில நாள், பட்டை இடுக்கில் அதைவிடக் கூடுதல், மண்ணில் மாதக்கணக்கில். மெட்டாரைசியம் வேரைச் சுற்றி ஆண்டுகளாகவும் தங்கக்கூடும். ஆனால் இட்ட அளவு படிப்படியாகக் குறைந்து, இயல்பான மட்டத்தை நோக்கியே போகும். ஆண்டுதோறும் ஒரு நிரப்பல் தேவை என்று கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு.

20. மரத்துக்குள்ளேயே பூஞ்சையைக் குடியேற்றிவிட்டால் தெளிக்கவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. பவேரியா பல பயிர்களின் திசுக்களுக்குள் நோய் உண்டாக்காமல் வாழக்கூடியது. பீகன் நாற்றுகளில் அதைக் குடியேற்றியபோது அசுவினிகள் குறைந்ததும் ஆய்வில் கண்டதே. ஆனால் நாற்று வேறு, இருபது ஆண்டு மரம் வேறு. வளர்ந்த மரத்தின் உச்சி வரை பூஞ்சையை நிலைநிறுத்தும் நம்பகமான முறை இன்று விவசாயி கையில் இல்லை. இதை நம்பித் தெளிப்பை நிறுத்த வேண்டாம்.

21. இரண்டு ஆண்டு ஒழுங்காகச் செய்தேன். சேதம் அப்படியேதான் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

முதலில், ‘அப்படியே’ என்பதை எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? தோட்டம் முழுவதும் இட்டுவிட்டால், இடாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறிய வழியில்லை. தோட்டத்தின் ஒரு பகுதியில் சில மரங்களைச் சேர்ந்தாற்போல் விட்டுவைத்து, அறுவடையில் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில், நூறு நூறாகக் கொட்டைகளை எடுத்து உடைத்து, புழுத்தவற்றை எண்ணி எழுதி வையுங்கள்.

அடுத்து, 6-ஆம் விடையில் சொன்ன கணக்கு. இரண்டு மூன்று ஆண்டு வாழ்க்கைச் சுற்றுள்ள பூச்சியில், இந்த ஆண்டு மரமேறும் வண்டுகள் நீங்கள் தொடங்குவதற்கு முன்பே மண்ணுக்குள் ஆழமாக இறங்கியவையாக இருக்கலாம். மூன்றாம், நான்காம் ஆண்டின் எண்ணிக்கைதான் பேசும். அதுவரை விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி அழிப்பதை நிறுத்தாதீர்கள். மெக்கடேமியாவின் விதைக் கூன்வண்டு தரையில் விழுந்த கொட்டைக்குள்தான் வளர்கிறது, பாதாமின் ஆரஞ்சுப்புழு மரத்தில் ஒட்டிக்கிடக்கும் உலர்கொட்டைக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இவ்விடங்களில் ஒரு கூடையும் ஒரு நீண்ட கழியும் எந்தப் பூஞ்சையையும்விடப் பெரிய வேலை செய்யும்.

பக்கத்தில் கவனிப்பாரற்ற தோட்டம் இருந்து, பூச்சி அங்கிருந்து பறந்து வருவதாக இருந்தால், உங்கள் மண்ணில் எவ்வளவு இட்டாலும் கணக்கு நேராகாது. அப்போது விளிம்பு வரிசை மரங்களில் மட்டும் சேதம் மிகுந்து காணும். எண்ணிக்கையை வரிசை வாரியாக எழுதியிருந்தால் அது உடனே தெரிந்துவிடும். மண்ணுக்கு இடுவதைத் தோட்டம் முழுவதும் தொடர்ந்துகொண்டு, அடிமரத் தெளிப்பை அந்த விளிம்பு வரிசைகளில் அடுக்கடுக்காகச் செய்யலாம்.